கொழுந்துக் கூடையும் கணினிப் பாடமும்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்னும் பாடத்தைக் கற்பித்து வருபவன் நான். பெயர் நீளமானது, பாடமோ, நான் கற்பித்த விதத்தில், மிகக் குறுகியதாகவே இருந்து வந்தது. "கணினி என்பது தரவுகளை உள்வாங்கி, முறைவழிப்படுத்தி, தகவல்களை வெளியிடும் இலத்திரனியற் பொறியாகும்" என்று கரும்பலகையில் எழுதுவேன். மாணாக்கர் பார்த்து எழுதுவர். பரீட்சையில் அதே வாக்கியத்தை எழுதிப் புள்ளி பெறுவர். அத்தோடு கணினிக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு முற்றுப்பெறும்.

ஒரு நாள் பத்தாந் தரத்தில் அவ்வாறு எழுதிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், எங்க தோட்டத்துல இப்ப கரண்ட் தராசுதான் வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவ நிறுக்கயிலயும் அதுவே ஒரு கிலோவக் கழிச்சிருது. கழிக்கச் சொல்லி அதுக்கு யாரு சொன்னது?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதிய வரைவிலக்கணத்தில் அவளுடைய கேள்விக்கு விடை இல்லை என்பதை அக்கணமே உணர்ந்தேன். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் அந்த ஒரு கிலோ எவ்வளவு பாரமானது என்பதை நான் அறியாதவனல்லன். என் தாயாரும் கொழுந்தெடுத்தவரே. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று விதித்த அளவு நிறைந்தால் ஒரு பேர்; நிறையாவிட்டால் அரைப் பேர். அரைப் பேர் விழுந்த நாள்களில் எங்கள் லயத்துக் காம்பிராவில் அடுப்பு எரிந்த விதமே வேறு. தராசு பிடித்தவரோடு வாதாடிவிட்டு வந்து, "எழுதுனது எழுதுனதுதான்" என்று அவர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று எழுதுபவர் இருந்த இடத்தில் பொறி இருக்கிறது. முன்னர் முறையிட ஒரு முகமாவது இருந்தது, இப்பொழுது அதுவுமில்லை. "மிசினே அப்படித்தான் காட்டுது" என்பதோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

கணினிக் கல்வி பற்றி நாட்டில் இன்று பேச்சுக்குக் குறைவில்லை. 2024 இல் தெரிவுசெய்யப்பட்ட சில பாடசாலைகளிலே செயற்கை நுண்ணறிவைப் பரீட்சார்த்தமாகக் கற்பிக்கத் தொடங்கினர். இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் இந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு மயக்கம் கிடக்கிறது. பொறியைக் கையாளத் தெரிவதும் பொறியின் நியாயத்தை அறிவதும் ஒன்றென்று நாம் எண்ணிவிடுகிறோம்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி எழுத்தறிவை அளந்து வெளியிட்டு வருகிறது. ஐந்து வயதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரையிலான ஒருவர் தாமாகவே கணினியைப் பயன்படுத்தக் கூடியவராயின் அவர் கணினி எழுத்தறிவுடையவர் என்பது அதன் வரையறை. ஐந்து வயதுக் குழந்தை கணினியில் விளையாட்டு ஒன்றை ஆடத் தெரிந்திருந்தாலே போதும். அளவெடுப்போருக்கு இவ்வரையறை வசதியாக இருக்கலாம். ஆனால் எழுத்தறிவென்று எதனை நாம் சொல்கிறோம்? ஓர் ஒப்பந்தத்தின் அடியில் கையொப்பமிடத் தெரிவதையா, அவ்வொப்பந்தத்தை வாசித்து விளங்கிக்கொள்வதையா? நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று நாட்டை மூன்றாகப் பிரித்துக் காட்டும் அத்திணைக்களத்தின் அட்டவணைகளில், இத்தனை தளர்ந்த அளவுகோலைக் கொண்டு அளந்தபோதும், தோட்டப்பகுதியே கடைசியில் நிற்கிறது. ஆகவே நமக்குக் குறை இரண்டு: கையாளும் வாய்ப்பும் குறைவு, கையாளக் கற்றவருக்கும் நியாயம் கற்பிக்கப்படவில்லை.

இந்நிலையில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். வணிக அலுவலகக் கணக்குகளுக்கென்று உலகில் முதன்முதலாக வேலைசெய்த கணினி எங்கே பிறந்தது தெரியுமா? தேயிலை விற்ற ஒரு நிறுவனத்திலே! ஜே. லயன்ஸ் கம்பனி என்பது அதன் பெயர். (நம் லயன்களுக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை.) இங்கிலாந்தெங்கும் தேநீர்ச்சாலைகளை நடத்திவந்த அந்நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் குழுவினர் 1949 இல் இயக்கிய எட்சாக் என்னும் கணினிக்குப் பொருளுதவி செய்து, அதன் வழியில் தனக்கென ஒரு பொறியை அமைத்துக்கொண்டது. லியோ எனப்பட்ட அப்பொறி 1951 நவம்பரில் வெதுப்பகப் பண்டங்களின் மதிப்பைக் கணித்து வேலையைத் தொடங்கிற்று. பின்னர்ச் சம்பளக் கணக்கு, தேநீர்ச்சாலைகளின் அன்றாடக் கொள்வனவு, தேயிலைக் கலவை முதலியவற்றையும் அது பார்த்தது. ஒருவருடைய சம்பளத்தைக் கணிக்கத் தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்ததாம். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

தேயிலை விற்றவரின் கணக்கு அவ்வாறு விநாடிக்குள் முடிந்த அக்காலத்திலே தேயிலை பறித்தவரின் நிலை என்ன? 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நம் மக்களிற் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாட்டுக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1970 களின் பிற்பகுதியிலேதான் முனைப்புற்றது. மலையகத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990 களிலேதான் எழுந்தது. நாம் பிந்தியமைக்குக் காரணம் நம் பிள்ளைகளின் மூளையன்று. கணக்கெழுதும் பக்கத்தில் நம்மை எவரும் இருத்தவில்லை. கணக்கெழுதப்படும் பக்கத்திலேயே நாம் நின்றோம்.

மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். மறுநாள் கணினி அறையைத் திறக்காமலே பாடத்தைத் தொடங்கினேன். (திறந்திருந்தாலும் இயங்கக்கூடியவை நான்குதான்.) "மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் முறையை, ஒன்றுமே அறியாத புதிய ஆள் ஒருவருக்குச் சொல்வதுபோல் படிப்படியாக எழுதுங்கள்" என்றேன். ஒருவன் எழுதினான்: "கூடையை நிறு, கழிவை எடு, பெயருக்கு நேரே எழுது." இன்னொருத்தி சேர்த்தாள்: "18 கிலோ அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒரு பேர், இல்லாவிட்டால் அரைப் பேர்." மூன்றாமவன் சொன்னான்: "வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் இப்படியே செய்."

அவர்கள் அறியாமலே கணினி இயலின் அடித்தளத்தை எழுதி முடித்துவிட்டனர். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், நிபந்தனை பார்த்து ஒரு வழியைத் தெரிதல், மீண்டும் மீண்டும் செய்தல் ஆகிய இம்மூன்றையும் கொண்டே கணினி செய்யத்தக்க எந்த வேலையையும் விவரித்துவிடலாம் என்று பேம், ஜக்கோபினி என்னும் இத்தாலியர் இருவர் 1966 இல் நிறுவினர். எங்கள் வகுப்பு அதனைப் பெரட்டுக்களத்திலிருந்தும் மடுவத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது.

அடுத்து ஒரு கணக்கு. காலையில் 7 கிலோ, நண்பகலில் 6 கிலோ, மாலையில் 7 கிலோ. ஆக 20 கிலோ பறித்தாள் ஒருத்தி. கழிவு ஒரு கிலோ. அவளுக்கு ஒரு பேரா, அரைப் பேரா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், 20 இல் ஒன்று போக 19. ஆகவே ஒரு பேர், மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசும் உண்டு என்றனர். மறுசாரார், நிறுவைக்கு ஒன்றாக மூன்று கழிய 17. ஆகவே அரைப் பேர் என்றனர். கூட்டலிலோ கழித்தலிலோ எவரும் பிழைவிடவில்லை. "கழிவை எடு" என்னும் ஒரே வரியை ஒரு சாரார் மீள்செயலுக்கு வெளியே வைத்தனர். மறுசாரார் உள்ளே வைத்தனர். அவ்வளவே வேறுபாடு. 2021 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1000 ரூபா நாட்சம்பளத்தைக் கொண்டு பார்த்தாலே, ஒரு வரியின் இடமாற்றம் ஒரு தாயின் மடியிலிருந்து 500 ரூபாவை எடுத்துவிடுகிறது.

அப்பொழுது அந்த மாணவி மெல்லச் சொன்னாள்: "அப்ப தராசு கழிக்கல சேர். யாரோ எழுதி வச்சிருக்காங்க."

என் ஆசிரிய வாழ்வில் நான் கேட்ட மிகச் சரியான கணினி வரைவிலக்கணம் அதுவே. பொறி எண்ணுவதில்லை, எழுதிவைத்ததைச் செய்கிறது. எழுதிவைத்ததை வாசிக்கலாம்; வாசித்ததைக் கேள்வி கேட்கலாம்; தவறாயின் திருத்தி எழுதும்படி கோரலாம். இவ்வுண்மையை அறிந்த பிள்ளைக்கும், திரையைத் தொட்டு விளையாட மட்டும் அறிந்த பிள்ளைக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

இலக்கிய அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி அனைத்தையும் இரண்டே குறிகளால் எழுதிக்கொள்கிறது என்றால் மாணாக்கர் மலைக்கின்றனர். தமிழாசிரியர் மலைக்க வேண்டியதில்லை. நம் யாப்பு நேர், நிரை என்னும் இரண்டே அசைகளால் நிற்பதன்றோ? நேரைச் சுழியாகவும் நிரையை ஒன்றாகவும் கொள்க. தேமா சுழி-சுழி, கூவிளம் சுழி-ஒன்று, புளிமா ஒன்று-சுழி, கருவிளம் ஒன்று-ஒன்று. துவித எண் முறையில் இவை முறையே 0, 1, 2, 3 ஆகும். ஈரசையில் சீர் நான்கு, மூவசையில் காய் நான்கும் கனி நான்குமாக எட்டு, நாலசையில் பதினாறு. ஓர் அசை கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. யாப்பு நாலசையோடு நின்றுவிட்டது, கணக்கு நிற்பதில்லை. எட்டு வரை சென்றால் 256 கிடைக்கும். நம் எழுத்துகளோ 247. ஆகவே எட்டுத் துவித இலக்கங்களுக்குள் தமிழ் நெடுங்கணக்கு முழுவதையும் அடக்கிவிடலாம் என்பதை மாணாக்கர் தாமே கண்டுபிடித்துவிடுவர்.

இதற்கு மேல் ஒரு சுவையான வினாவும் உண்டு. 247 எழுத்துக்கும் 247 எண் வேண்டுமா? உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்றது நம் இலக்கணம். இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையும் பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டிருக்கவில்லை. அகரமேறிய ககரத்துக்கு 2965 என்று ஓர் எண் கொடுத்து, உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் வேறு எண்கள் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நம் இலக்கணம் தனிமெய்யிலிருந்து தொடங்குகிறது. யூனிகோடு அகரமேறிய மெய்யிலிருந்து தொடங்கிப் புள்ளியிட்டு மெய்யாக்குகிறது. எது சிறந்தது என்று வகுப்பில் வாதம் நடத்திப் பாருங்கள். இலக்கணமும் கணினியும் ஒரே பாடவேளையில் உயிர்பெறும்.

தேடுதல் என்னும் பாடத்துக்கும் பொறி வேண்டுவதில்லை. செக்ரோலில் 500 பெயர்கள் உள்ளன என்க. ஒழுங்கின்றி எழுதியிருந்தால், ஒரு பெயரைத் தேட 500 பெயரையும் பார்க்க நேரலாம். அகர வரிசையில் இருந்தால் நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, எஞ்சியதில் மீண்டும் நடுவைப் பார்க்கலாம். ஒன்பதாவது பார்வைக்குள் விடை வந்துவிடும். இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512 அன்றோ? ஒழுங்குபடுத்தும் உழைப்பு ஏன் பயன் தருகிறது என்பது இதனால் விளங்கும். சல்லடை சல்லடையாகத் தேயிலைத் தூளைத் தரம்பிரிக்கும் தொழிற்சாலையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வரிசையாக்கம் என்பது அந்நியமான சொல்லாகாது.

இவ்வாறு பொறியின்றிக் கணினி இயல் கற்பிக்கும் முறை நான் கண்டுபிடித்ததன்று. நியூசிலாந்தின் கன்ரபரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவர்தம் நண்பர்களும் 1990 களிலேயே இதனைத் தொடங்கிவைத்தனர். அவர்கள் அட்டைகளையும் விளையாட்டுகளையும் கொண்டு கற்பித்தனர். நமக்குக் கூடையும் தராசும் நேர்நிரையும் இருக்கின்றன.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம், எழுவதும் நியாயமே. "நகரத்துப் பிள்ளைக்குக் கணினி, தோட்டத்துப் பிள்ளைக்குக் கரும்பலகையா? இல்லாமையைப் பெருமையாக்கி அதிகாரிகளுக்குச் சாக்குத் தேடிக் கொடுக்கிறீரா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்தார். அவருடைய சினத்தை மதிக்கிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்பு, பாடங்கள் கைத்தொலைபேசிக்குச் சென்றபோது, அலைவரிசை தேடி நம் பிள்ளைகள் குன்றுகளில் ஏறிய காட்சியை நாம் மறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் ஒரே தொலைபேசி, தந்தை வேலையிலிருந்து திரும்பும் வரை அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. பொறி வேண்டும், இணைப்பு வேண்டும், இப்பாடத்துக்கென்று பயின்ற ஆசிரியர் வேண்டும். இவற்றை இரந்து பெறவேண்டியதில்லை. உரிமையாகவே கேட்க வேண்டும். சாதாரண தர மாணாக்கர் பஸ்கால் மொழியிலும் உயர்தர மாணாக்கர் பைதன் மொழியிலும் செய்நிரல் எழுதிப் பழகவேண்டிய பாடத்திட்டத்தில், எழுதியதை இயக்கிப் பாராமல் தேர்ச்சி எங்ஙனம் வரும்? நான் சொல்வது இவ்வளவே: பொறி வரும்வரை நியாயத்தைக் கற்பிக்காமல் காத்திருத்தல் வேண்டாம். பொறி வந்தபின்பும் நியாயத்தைக் கைவிடுதல் வேண்டாம். கணினிகள் வந்திறங்கி, திறப்புவிழாக் கண்டு, பின்பு அறைக்குள் தூசி படிந்து கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் இன்றி வந்த பொறி பெட்டிக்குள் இருந்தாலென்ன, மேசைமேல் இருந்தாலென்ன?

மற்றொரு மறுப்பும் இப்போது கேட்கிறது. "செயற்கை நுண்ணறிவே செய்நிரலை எழுதித் தந்துவிடுகிறதே, பிள்ளைகள் ஏன் இதனைக் கற்கவேண்டும்?" என்பர். எழுதித் தருவது உண்மைதான். கழிவை மீள்செயலுக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்று கேட்டால், இரண்டு விதமாகவும் அது அழகாக எழுதித் தரும். எது நீதி என்று தெரிவு செய்பவர் யார்? எழுதும் உழைப்புக் குறையக் குறைய, எழுதியதைச் சீர்தூக்கும் பொறுப்புக் கூடுகிறது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பாடநூல் துவிதம் என்கிறது. தமிழ்நாட்டில் இருமம் என்னும் வழக்கு உண்டு. இணையத்தில் தேடும் மாணாக்கர் இரண்டையும் கண்டு தடுமாறுகின்றனர். இரு கரை அறிஞரும் கூடிப் பேசித் தீர்க்கவேண்டிய காரியம் இது. அதனினும் முதன்மையானது, பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் சொல்லை வகுப்பறை வாசலில் தடுத்து நிறுத்தாமை. பெரட்டு, பேர், கைக்காசு, செக்ரோல் என்பவை எங்கள் அகராதி. இவை கொச்சை என்று ஒதுக்கப்பட்டபோது பாடம் அந்நியமாயிற்று. உள்ளே அழைக்கப்பட்டபோது பாடம் அவர்களுடையதாயிற்று.

இக்கட்டுரையை ஒரு வெற்றிக்கதையாக முடிக்க எனக்கு ஆசைதான். உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை. அந்தத் தோட்டத்தில் இன்றும் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழிகிறது. ஆனால் அந்த மாணவி இப்போது ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் தன் தாயின் மூன்று நிறுவைகளையும், கழிவையும், விழுந்த பேரையும் நாள்தோறும் கோடிட்டு எழுதி வருகிறாள். அயல் காம்பிராப் பெண்கள் இருவரும் தங்கள் கணக்கை எழுதித் தரும்படி அவளிடம் வந்திருக்கின்றனராம். அடுத்த மாதச் சம்பள நாளன்று அக்கொப்பியை எடுத்துக்கொண்டு தாயோடு தோட்டத்து அலுவலகத்துக்குப் போவதாகச் சொன்னாள். "என்ன கேட்கப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"கழிக்கிற வரி எங்க இருக்குன்னு காட்டச் சொல்லப் போறேன் சேர்."

ஆசிரிய நண்பர்களே, நாளைக் காலையில் கரும்பலகையில் வரைவிலக்கணத்தை எழுதுமுன், உங்கள் வகுப்பிலும் இப்படியொரு கேள்வி எழும்பாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பின்வரிசையைப் பாருங்கள்.